ஏற்றுமதியை வளர்க்க அரசு செலவிடும் பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏற்றுமதி ஊக்குவிப்புக்காக அரசுகள் ஒதுக்கும் நிதி ஒரு நாட்டின் வர்த்தகத்தை உண்மையிலேயே உயர்த்துகிறதா என்பது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றுள் தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஏற்றுமதியில் வரும் லாபம் ஏற்றுமதியாளருக்குத்தான் போகிறது. அப்படியிருக்க, வெளிநாட்டில் சந்தை தேடித்தரும் வேலையை அரசு ஏன் வரிப்பணத்தில் செய்ய வேண்டும்? அதை அவர்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: நியாயமான கேள்வி. லாபம் யாருக்கோ செலவும் அவருக்கே என்பதுதான் பொதுவிதி. அதற்கு விலக்கு கேட்பவர்களே காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள். இந்தத் துறையைப் பொறுத்தவரை அப்படியொரு காரணம் இருக்கிறது. ஆனால் அது எல்லாச் செலவுகளுக்கும் பொருந்தாது.

இதுவரை யாரும் அனுப்பாத ஒரு நாட்டுக்கு ஒரு நிறுவனம் முதன்முதலாகச் சரக்கு அனுப்ப முனைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொருளுக்கு அங்கே என்ன தரவிதி, உணவுப்பொருளானால் பூச்சிமருந்தின் எச்சம் எந்த அளவு வரை அனுமதிக்கப்படும், உறையின்மேல் எந்த மொழியில் என்னென்ன விவரம் அச்சிட்டிருக்க வேண்டும், எந்தச் சோதனைக்கூடத்தின் சான்றிதழை அந்நாட்டுச் சுங்கத்துறை ஏற்கும், ஆர்டர் கொடுப்பவர் குறித்த நாளில் பணம் தருபவர்தானா என்பதையெல்லாம் அந்த நிறுவனம் தன் செலவில்தான் கண்டறிய வேண்டும். மாதிரிகள் நிராகரிக்கப்படலாம், முதல் கன்டெய்னர் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். இத்தனை இடர்களையும் தாண்டி அது வென்றுவிட்டால், எந்த நாட்டில் எந்தப் பொருள் விற்கும் என்ற உண்மை ஊரறிந்ததாகிவிடும். அடுத்த ஆண்டே போட்டி நிறுவனங்கள் அதே வழியில், கண்டறியும் செலவு எதுவுமின்றி நுழைந்துவிடும். தோற்றால் நட்டம் முழுவதும் முன்னோடிக்கு. வென்றால் ஆதாயத்தில் எல்லாருக்கும் பங்கு. இந்த ஏற்றத்தாழ்வினால், நாட்டுக்கு நன்மை தரக்கூடிய அளவைவிடக் குறைவாகவே முயற்சிகள் நடக்கும் என்பதை ரிக்கார்டோ ஹௌஸ்மன், டானி ரோட்ரிக் என்னும் பொருளியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாக விளக்கினார்கள்.

ஆகவே, ஒருவர் தேடினால் எல்லாருக்கும் பயன்படும் தகவலையும் நம்பகத்தன்மையையும் பொதுப்பணத்தில் உருவாக்குவதில் தவறில்லை. பின்லாந்து 1919-லேயே இதற்கென ஓர் அமைப்பை நிறுவியது. ஜப்பான் 1951-லும் தென்கொரியா 1962-லும் சிலி 1974-லும் அதே வழியில் வந்தன. வளரும் நாடுகளுக்கு இதில் உதவுவதற்காக ஜெனீவாவில் சர்வதேச வர்த்தக மையம் 1964-ல் தொடங்கப்பட்டது.

இந்தக் காரணமே செலவின் எல்லையையும் வகுத்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய சந்தையைப் பற்றிய அறிக்கை, பலருக்கும் பொதுவான பரிசோதனைக்கூடம், இதுவரை வெளிநாட்டில் விற்றிராதவர்களைக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றை இந்த வாதம் தாங்கும். இருபது ஆண்டுகளாக ஒரே நாட்டுக்கு ஒரே பொருளை அனுப்பிவரும் நிறுவனத்தின் விமானக் கட்டணத்தில் பாதியை அரசு தருவதை அது தாங்காது.

கேள்வி: ஏற்றுமதி ஊக்குவிப்புக்கு ஒரு டாலர் செலவிட்டால் 87 டாலர் ஏற்றுமதி கூடும் என்று ஓர் ஆய்வு சொல்வதாகப் படித்தேன். உலகில் வேறெந்த முதலீடும் இவ்வளவு தருவதில்லையே! இதை நம்பலாமா?

பதில்: அந்த எண் கற்பனையன்று. மார்செலோ ஒலாரியாகாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல நாடுகளின் ஏற்றுமதி ஊக்குவிப்பு முகமைகளின் வரவுசெலவை ஆராய்ந்து வந்தடைந்த மதிப்பீடு அது. ஆனால் அது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பொருள் புரியும்.

ஆய்வின் அடிப்படை முடிவு இதுதான்: முகமையின் நிதி 1 சதவீதம் கூடினால் நாட்டின் ஏற்றுமதி 0.074 சதவீதம் கூடுகிறது. இப்படிச் சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாட்டின் ஆண்டு ஏற்றுமதி 10,000 கோடி டாலர் என்றும், அதன் ஊக்குவிப்பு முகமையின் ஆண்டு நிதி 8.5 கோடி டாலர் என்றும் கொள்வோம். அந்த நிதியில் 1 சதவீதம் என்பது 8.5 லட்சம் டாலர். ஏற்றுமதியில் 0.074 சதவீதம் என்பது 7.4 கோடி டாலர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 87 வந்துவிடுகிறது. முகமைகளின் நிதி ஏற்றுமதி மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருப்பதால், மிகச் சிறிய சதவீத மாற்றமும் டாலர் கணக்கில் பெரிதாகத் தெரிகிறது. நிதியை நூறு மடங்காக்கினால் ஒவ்வொரு டாலரும் 87 டாலரைக் கொண்டுவரும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, 87 டாலர் ஏற்றுமதி என்பது 87 டாலர் வருமானம் ஆகாது. அந்தப் பொருளுக்குள் இறக்குமதி செய்த மூலப்பொருள் இருக்கும். ஊக்குவிப்பு இல்லாவிட்டாலும் வேறொரு வேலையில் ஏதோ ஒன்றை உற்பத்தி செய்திருக்கக்கூடிய உழைப்பும் மூலதனமும் இருக்கும். அவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் நாட்டுக்கு உண்மையான ஆதாயம்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. ஊக்குவிப்பு முகமையைத் திறம்பட நடத்தும் அரசு பெரும்பாலும் துறைமுகத்தையும் சுங்கத்தையும் நீதிமன்றங்களையும்கூடத் திறம்பட நடத்தும். அப்படியானால் ஏற்றுமதி கூடியதற்கு எது காரணம்? அதே ஆய்வு, ஒரு டாலர் செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி 384 டாலர் கூடுவதாகவும் மதிப்பிடுகிறது. ஏற்றுமதியில் தெரியும் பலனைவிடப் பொருளாதாரம் முழுவதிலும் தெரியும் பலன் நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஏற்றுமதிவழிக் கற்ற திறன் மற்ற தொழில்களுக்கும் பரவுவதுதான் காரணம் என்று கூற இடமுண்டு. ஆனால் நல்லாட்சியின் பலனில் ஒரு பகுதியும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஊக்குவிப்பினால் பலன் உண்டு என்பதை ஏற்கிறேன். 87 என்ற எண்ணை ஒரு வாக்குறுதியாக எந்த நிதியமைச்சரும் அவையில் வாசிப்பதை ஏற்க மாட்டேன்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் காட்டும் உதாரணம் கனடாவில் இருக்கிறது. அந்நாட்டின் பிரதமர் ழான் கிரெட்டியன் 1994 நவம்பரில் மாநில முதல்வர்களையும் நூற்றுக்கணக்கான தொழிலதிபர்களையும் அழைத்துக்கொண்டு சீனாவுக்குப் பயணம் சென்றார். ‘டீம் கனடா’ என்று பெயர் பெற்ற இத்தகைய பயணங்கள் அடுத்துவந்த ஆண்டுகளில் பல நாடுகளுக்குத் தொடர்ந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் பெருந்தொகைக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாக அறிவிக்கப்பட்டது. கீத் ஹெட், ஜான் ரீஸ் என்ற இரு கனடியப் பொருளியலாளர்கள் இதைப் பிற்பாடு சோதித்தார்கள். பயணம் சென்ற நாடுகளுடன் கனடாவின் வர்த்தகம் இயல்பைவிட அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் பயணத்துக்கு முன்பும் அது அப்படியேதான் இருந்தது! ஏற்கெனவே நெருக்கமாக வர்த்தகம் செய்துவந்த நாடுகளையே தேர்ந்தெடுத்துச் சென்றிருந்தார்கள். அந்த முன்னிலையைக் கழித்துப் பார்த்தபோது, பயணங்களால் ஏற்றுமதி கூடியதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

கேள்வி: வெளிநாடுகளில் தூதரகங்களையும் துணைத் தூதரகங்களையும் அதிகமாகத் திறந்தால் ஏற்றுமதி கூடுமா?

பதில்: ஓரளவு கூடும் என்கிறது ஆண்ட்ரூ ரோஸ் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. 22 ஏற்றுமதி நாடுகளை எடுத்துக்கொண்டு அவர் கணக்கிட்டபோது, ஒரு நாட்டில் கூடுதலாக ஒரு துணைத் தூதரகம் இருப்பது அந்நாட்டுக்கான ஏற்றுமதி 6 முதல் 10 சதவீதம் வரை அதிகமாக இருப்பதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. முதல் தூதரகத்தின் பலன் அடுத்தடுத்துத் திறக்கப்படுபவற்றின் பலனைவிடப் பெரிது.

கேள்வி: பெரிய நிறுவனங்களுக்கு உதவுவதா, சிறு நிறுவனங்களுக்கு உதவுவதா? நிதி எப்போதும் குறைவாகவே இருக்கும் நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது சரி?

பதில்: இதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. பெரு நாட்டின் முகமையிடம் உதவி பெற்ற நிறுவனங்களைக் கிறிஸ்டியன் வோல்பே மார்ட்டின்கஸும் ஜெரோனிமோ கார்பல்லோவும் ஆராய்ந்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் ஏற்கெனவே விற்றுவந்த நாட்டுக்கு அதே பொருளைக் கூடுதலாக அனுப்பியதைவிட, புதிய நாடுகளுக்கும் புதிய பொருள்களோடும் நுழைந்ததே முதன்மையான பலனாகத் தெரிந்தது. சிலியில் இதே ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏற்றுமதி குறைவாக இருந்த நிறுவனங்களுக்கே உதவி அதிகமாகப் பயன்பட்டிருந்தது. டென்மார்க்கில் நடந்த ஆய்வும் சிறு நிறுவனங்களின் விற்பனையும் மதிப்புக்கூட்டலும் வேலைவாய்ப்பும் உயர்ந்ததைக் காட்டுகிறது.

மறுபக்கம், 103 நாடுகளை உள்ளடக்கிய கருத்தாய்வைக் கொண்டு டேனியல் லெடர்மன், ஒலாரியாகா, லூசி பேட்டன் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, அளவில் பெரியவையாக இருந்தும் இன்னும் ஏற்றுமதியில் இறங்காத நிறுவனங்களிடம் கவனம் செலுத்தும் முகமைகளே அதிகப் பலன் தருவதாகக் கூறியது. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றினாலும் ஒரு புள்ளியில் சேர்கின்றன: நெடுங்காலமாக ஏற்றுமதி செய்துவருபவருக்குத் தரும் பணத்தில் பலன் குறைவு, ஏற்றுமதிக்குப் புதியவருக்குத் தருவதில் பலன் அதிகம். நிறுவனத்தின் உருவம் அல்ல, அதன் அனுபவமே அளவுகோலாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த விவகாரம் அரசியல் சர்ச்சையாகவே வெடித்தது. அந்நாட்டு வேளாண் துறை, விளைபொருள்களுக்கு வெளிநாட்டில் விளம்பரம் செய்ய ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கும் திட்டமொன்றை நடத்திவருகிறது. 1990-களில், உலகப் புகழ்பெற்ற பெருநிறுவனங்களின் வணிகச் சின்னங்களை விளம்பரப்படுத்தவும் அந்தத் திட்டத்தின் வழியே மக்கள் பணம் சென்றது வெளிப்பட்டுக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் வணிகச் சின்ன விளம்பரத்துக்கான நேரடி உதவி சிறு நிறுவனங்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் மட்டுமே என்று விதி திருத்தப்பட்டது. திருத்தம் சரியானது, ஏற்கெனவே உலகெங்கும் விற்றுவரும் பெருநிறுவனத்திடம் சந்தையை ஆராயத் தன் பணம் இருக்கிறது.

பொருளின் தன்மையையும் பார்க்க வேண்டும். கச்சா எண்ணெய், செம்பு, கோதுமை போன்றவற்றுக்கு உலகச் சந்தை விலை நாளிதழிலேயே கிடைக்கும். வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்துவைக்க அங்கே யாரும் தேவையில்லை. ஆடை, அறைகலன், இயந்திர உதிரிபாகம், பதப்படுத்திய உணவு போன்ற, ஒவ்வொரு உற்பத்தியாளரின் பொருளும் வேறுபடும் சரக்குகளில்தான் தகவல் குறைபாடு பெரிது. ஊக்குவிப்பு முகமையின் உழைப்பு அங்கேதான் பலிக்கிறது.

கேள்வி: அரசு உதவி நின்ற பிறகும் பலன் நீடிக்கிறதா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. பெரும்பாலான அரசு அறிக்கைகள் உதவி தந்த ஆண்டோடு கணக்கை முடித்துக்கொள்கின்றன, இதைத் தொடுவதில்லை.

துனிசியாவில் உலக வங்கியின் துணையோடு ஓர் இணைமானியத் திட்டம் நடந்தது. புதிய சந்தைக்குச் செல்ல ஒரு நிறுவனம் திட்டம் தீட்டினால், சந்தை ஆய்வு, கண்காட்சிப் பங்கேற்பு, விளம்பரம் போன்றவற்றின் செலவில் பாதியைத் திட்டம் ஈடுசெய்தது. ஒலிவியே கடோ, அனா ஃபெர்னாண்டஸ் முதலானோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, மானியம் பெற்ற நிறுவனங்களை, தொடக்கத்தில் அவற்றைப் போன்றே இருந்தும் மானியம் பெறாத நிறுவனங்களோடு ஒப்பிட்டது. முதலில் மானியம் பெற்றவற்றின் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. அவை விற்ற நாடுகளும் பொருள்களும் பெருகின. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு தரப்புக்கும் இடையே ஏற்றுமதி அளவிலோ வளர்ச்சி வேகத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மற்ற நிறுவனங்களுக்குப் பலன் பரவியதற்கும் சான்று இல்லை. அந்தத் திட்டத்தை முதலாண்டுக் கணக்கை வைத்து மட்டும் மதிப்பிட்டிருந்தால் பெரும் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

இதற்கு நேரெதிரான அனுபவம் எகிப்தில் கிடைத்தது. நைல் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஃபூவா என்ற ஊரில் கால்மிதித் தறிகளில் தரைவிரிப்பு நெய்யும் சிறு உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். தறி வைத்திருப்பவரே நெசவாளராகவும் இருப்பார்; துணைக்கு ஓரிருவர் இருப்பார்கள், அல்லது அதுவும் இல்லை. டேவிட் அட்கின், அமித் கண்டெல்வால், ஆடம் ஒஸ்மான் ஆகியோர் ஒரு தொண்டு நிறுவனத்தோடும் உள்ளூர் வணிகர் ஒருவரோடும் சேர்ந்து, வளர்ந்த நாடுகளிலிருந்து வந்த ஆர்டர்களைக் குலுக்கல் முறையில் சில நெசவாளர்களுக்கு மட்டும் கிடைக்கச் செய்தார்கள். யாருக்குக் கிடைத்தது என்பது குலுக்கலால் முடிவானதால், திறமைசாலிகளே ஏற்றுமதிக்குத் தேர்வானார்கள் என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை. 2017-ல் வெளியான முடிவுகளின்படி, ஆர்டர் பெற்றவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை உயர்ந்தது.

லாபத்தைவிட முக்கியமானது கைத்திறனில் வந்த மாற்றம். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் விரிப்புகளின் நெசவு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, மூலைகள் நேராக இருக்கின்றனவா, விரித்துப் போட்டால் அலையலையாக எழுகிறதா, சித்திரம் வரைபடத்தோடு பொருந்துகிறதா என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டார். ஏற்றுமதி செய்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. பிறகு இரு தரப்பையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஒரே நூலைக் கொடுத்து, ஒரே அளவும் வடிவமும் கொண்ட விரிப்பை நெய்யச் சொன்னார்கள். அங்கும் ஏற்றுமதி அனுபவம் உடையவர்களின் விரிப்பே தரத்தில் உயர்ந்திருந்தது. அதற்காக அவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. வெளிநாட்டு வாங்குபவரின் குறைகளை வணிகர் வழியாகக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டதில் வந்த திறன் அது. ஆர்டர் நின்றுபோனாலும் அது கையை விட்டுப் போகாது.

இரண்டு அனுபவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். துனிசியாவில் செலவின் ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டது. எகிப்தில் கேட்டுத் திருத்திக்கொள்வதற்கு ஒரு வாங்குபவர் அமைந்தார். இரு நாடுகளும் திட்டங்களும் வேறுபட்டவை. இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஊக்குவிப்பு அதிகாரி ஒருவர் கண்காட்சி அரங்கின் வாடகைத் தள்ளுபடியோடு தன் வேலை முடிந்தது என்று கருதாமல், முதல் ஆர்டர் எந்தக் குறையோடு திரும்பியது, அடுத்த ஆர்டரில் அது சரியானதா என்று பின்தொடர்வது அவசியம் என்பதை இவை உணர்த்துகின்றன. ஆலோசனை, வணிகச் சந்திப்பு, கண்காட்சி ஆகியவற்றைத் தனித்தனியே தருவதைவிடச் சேர்த்துத் தரும்போது பலன் கூடுதலாக இருந்ததைக் கொலம்பியாவில் நடந்த ஆய்வும் காட்டியது.

கேள்வி: தென்கொரியா ஏற்றுமதியில் உயர்ந்தது அந்நாட்டு அரசின் ஊக்குவிப்புச் செலவால்தானே? மற்ற நாடுகள் அதைப் பின்பற்றினால் போதாதா?

பதில்: 1964-ல் 10 கோடி டாலரை எட்டிய ஏற்றுமதி 1977-ல் 1,000 கோடி டாலரானது என்றால், அதன் காரணத்தை அறிய எந்த நாடும் ஆசைப்படும். கோட்ரா எனப்படும் வர்த்தக ஊக்குவிப்பு முகமை 1962-ல் தோன்றியதும், அதன் அலுவலகங்கள் உலகெங்கும் விரிந்ததும் உண்மை. ஆனால் 1964-ல் கொரிய நாணயத்தின் மதிப்பு டாலருக்கு 130 வோனிலிருந்து சுமார் 255 வோனாகக் குறைக்கப்பட்டது. ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்யலாம் என்றும், ஏற்றுமதி ஆர்டரைக் காட்டினால் குறைந்த வட்டியில் கடன் என்றும் ஏற்பாடுகள் இருந்தன. அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதி ஊக்குவிப்புக் கூட்டத்துக்குத் தாமே தலைமை வகித்து, எந்தத் தொழிலுக்கு எங்கே தடை என்று கேட்டு அங்கேயே தீர்வுக்கு வழிசெய்தார். அவரது ஆட்சியின் அடக்குமுறையை நான் மறக்கவில்லை. இங்கே பேசுவது வர்த்தக நிர்வாகத்தை மட்டுமே. இவ்வளவும் ஒன்றாக நடந்த இடத்தில், முகமையின் நிதியை மட்டும் பிரித்தெடுத்து வெற்றிக்கு மாலை சூட்டுவது பொருந்தாது.

கேள்வி: ஏற்றுமதி ஊக்குவிப்பும் ஏற்றுமதி மானியமும் ஒன்றுதானா? உலக வர்த்தக அமைப்பு எதைத் தடை செய்கிறது?

பதில்: இரண்டும் வேறு. எவ்வளவு ஏற்றுமதி செய்கிறாரோ அதற்கேற்ப ஒரு நிறுவனத்துக்குப் பணம் தருவது ஏற்றுமதி மானியம். தொழில்துறைப் பொருள்களுக்கு அதை உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் தடை செய்கிறது. மிக ஏழ்மையான நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேளாண் பொருள்களுக்கான ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பதென 2015 டிசம்பரில் நைரோபி மாநாட்டில் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. சந்தைத் தகவல், பொதுவான ஆலோசனை, வணிகத் தூதர்கள் போன்ற செலவுகளுக்கு இத்தகைய தடை பொதுவாக எழுவதில்லை.

ஏற்றுமதிப் பொருளின் மீது உள்நாட்டில் விழுந்த வரியைத் திருப்பித் தருவதும், திருப்பித் தருவது வசூலித்ததைவிட மிகாதவரை, மானியமாகக் கருதப்படாது. இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. அமெரிக்கா தொடுத்த வழக்கில், இந்தியாவின் பல ஏற்றுமதித் திட்டங்கள் தடைசெய்யப்பட்ட மானியங்களே என்று 2019 அக்டோபரில் நடுவர் குழு கூறியது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு அந்த ஆண்டு டிசம்பரிலேயே செயலற்றுப்போனதால் வழக்கு தேங்கி நின்றது. 2023-ல் இரு நாடுகளும் பேசி அதை முடித்துக்கொண்டன. அதற்கு முன்பே, ஏற்றுமதி மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று வெகுமதி தந்த எம்.இ.ஐ.எஸ். திட்டத்தை நிறுத்தி, உள்வரிகளைத் திருப்பித் தரும் புதிய திட்டத்தை 2021 ஜனவரி 1 முதல் இந்தியா நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: ஏற்றுமதி ஊக்குவிப்புக்கு அதிகம் செலவிட்டால் வர்த்தகப் பற்றாக்குறை தீருமா?

பதில்: தீராது. ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கணக்கில் விழும் பற்றாக்குறை, அந்நாட்டின் முதலீடு அதன் சேமிப்பைவிட எவ்வளவு அதிகமோ அதற்குச் சமம். சேமிப்பும் முதலீடும் மாறாத நிலையில் ஏற்றுமதி மட்டும் கூடினால், நாணயத்தின் மதிப்பு உயர்ந்தோ உள்நாட்டு விலைகள் உயர்ந்தோ இறக்குமதியும் சேர்ந்து கூடிவிடும். ஊக்குவிப்பு செய்யக்கூடியது வேறு: எந்தப் பொருளை, எத்தனை நாடுகளுக்கு, என்ன விலைக்கு விற்கிறோம் என்பதை மாற்றலாம். ஒரே பொருளையும் ஒரே சந்தையையும் நம்பியிருக்கும் நாட்டுக்கு இந்த மாற்றமே பெரிய பாதுகாப்பு.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இறக்குமதி வரி ஏற்றுமதியின் மீது விழும் வரியாகவே முடிகிறது என்பதை ஆபா லெர்னர் 1936-லேயே நிறுவினார். ஒரு தொழிற்சாலையின் உள்ளே சென்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். 100 டாலருக்கு வெளிநாட்டில் விற்கும் பொருளில் 50 டாலர் இறக்குமதியான மூலப்பொருள் இருக்கிறது. அதன்மேல் 20 சதவீத வரி விழுந்தால் செலவு 10 டாலர் கூடுகிறது. விற்பனை விலையை உலகச் சந்தை தீர்மானிப்பதால் உற்பத்தியாளரால் அதை உயர்த்த முடியாது. கூலி, வாடகை, வட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவரிடம் இருந்த 50 டாலர் 40 ஆகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு பறிபோகிறது. கட்டிய வரியைப் பின்னர் திரும்பப் பெறலாம் என்று விதி இருந்தாலும், பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தால் சிறு நிறுவனம் தாங்காது. இப்படி ஒரு கையால் எடுத்துக்கொள்ளும் அரசு, மறு கையால் கண்காட்சி அரங்குக்குத் தள்ளுபடி தருவதால் ஏற்றுமதி வளர்ந்துவிடாது.

துறைமுகத் தாமதமும் இதே வகை. சிமியோன் ஜான்கோவ், கரோலின் ஃப்ராய்ண்ட், காங் ஃபாம் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சரக்கு கப்பலேறுவதற்கு முன் வீணாகும் ஒவ்வொரு கூடுதல் நாளும் வர்த்தகத்தை 1 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. முகமையின் நிதி 10 சதவீதம் கூடினால் ஏற்றுமதி ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும் என்று மேலே பார்த்த மதிப்பீட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் தாமதத்தைக் குறைக்கும் சுங்க அதிகாரி, தன்னை அறியாமலேயே, சிறந்த ஏற்றுமதி ஊக்குவிப்பாளராக இருக்கிறார்.

கேள்வி: ஓர் அரசு ஏற்றுமதி ஊக்குவிப்பு நிதியை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தால், அது நல்ல அறிவிப்பா, வெற்று அறிவிப்பா என்று சாதாரணக் குடிமகன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தொகையைப் பார்க்காதீர்கள். லெடர்மன் குழுவின் 103 நாட்டு ஆய்வு, செலவு கூடக்கூட அதன் பலன் வேகமாகத் தேய்கிறது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது. நிதியே இல்லாத முகமைக்கு முதல் தவணை தரும் பலனை, ஏற்கெனவே கொழுத்த முகமைக்குத் தரும் கூடுதல் தவணை தராது. பல அமைச்சகங்களின் கீழ் பல சிறு முகமைகள் இருப்பதைவிட வலுவான ஒரே முகமை இருப்பதும், பணம் அரசுடையதாகவும் நிர்வாகக் குழுவில் தொழில்துறையினர் கணிசமாகவும் இருப்பதும் நல்லது என்பதும் அந்த ஆய்வின் முடிவுகள். வளரும் நாடுகளின் முகமைகளில் தலைமை வலுவற்றது, அலுவலர்கள் ஏற்றுமதியாளரின் தேவையைக் கேட்பதில்லை என்று 1990-களின் தொடக்கத்தில் உலக வங்கியின் ஆய்வாளர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகள் இன்னும் பல இடங்களில் பொருந்துகின்றன.

பிறகு, எதைக் கணக்கில் காட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை கண்காட்சிகள், எத்தனை பேர் பயணம், எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் என்று ஆண்டறிக்கை முழுவதும் நிறைந்திருந்தால், செலவழித்ததைத்தான் சாதனையாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். உதவி பெற்றவர்களில் எத்தனை பேர் முன்பு விற்றிராத நாட்டுக்கு விற்றார்கள், மூன்று ஆண்டுகள் கழித்தும் விற்கிறார்களா, அவர்களைப் போன்றே இருந்தும் உதவி பெறாதவர்கள் அதே காலத்தில் என்ன செய்தார்கள் என்ற மூன்று விவரங்களும் தேவை. இவற்றைத் திரட்டுவதற்கான சுங்கத் தரவு பெரும்பாலான அரசுகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வரும் ஆண்டுகளில், தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு செய்தால் ஒப்பீடு தானாகவே கிடைத்துவிடும். சிபாரிசுக்கும் இடமிருக்காது, அதற்காகக் கூடுதலாக ஒரு காசும் செலவாகாது.